பேசும் கணினி வந்த வீடு

பண்டமாரான், கிள்ளான்
4 அக்டோபர் 1998

மதிப்பிற்குரிய ராதாகிருஷ்ணன் அண்ணனுக்குச் சந்திரகலா எழுதுவது. நீங்களும் வள்ளியம்மா அண்ணியும் பிள்ளைகளும் மெல்பர்னில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். கோலாலம்பூரில் ஊர்வலம், கண்ணீர்ப்புகை என்று அங்கே தொலைக்காட்சியில் காட்டியிருப்பார்கள். கிள்ளானில் ஒன்றும் இல்லை. தண்ணீர்ப் பங்கீடும் ஒருவழியாக முடிந்தது. வாளி தூக்கும் வேலை குறைந்திருக்கிறது.

நீங்கள் கப்பலில் போட்ட பார்சல் கிடைத்தது. உங்கள் நண்பர், எங்கள் வீட்டுக்காரர், காலமெல்லாம் அடுத்தவர் சரக்குக்குக் கஸ்டம்ஸ் படிவம் எழுதியவர். தம் பெயருக்கே ஒரு பெட்டி வந்து போர்ட் கிள்ளானில் மாட்டிக்கொண்டதும், "அங்க இருக்கிற புதுப் பையனுங்க முழிப்பானுங்க. நான் சொல்ற மாதிரி எழுதிக் கொண்டு போ" என்றார். அவர் சொன்ன மாதிரியே எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே விட்டுவிட்டார்கள்.

நீங்கள் கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது அவருடைய இடது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சர்க்கரையால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்துவிட்டது, இனி லேசர் வைத்தும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். முதலாளி அடைக்கப்பன் நல்ல மனிதர்தான். விடுப்பு எதுவரைக்கும் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

அந்த வெளிச்சம் போவதற்கு முன்பே, டாக்டர் சொன்னதால் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பார்வையற்றோர் பயிற்சி நிலையத்துக்கு ஒரு நாள் அழைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தபோது வெள்ளைக் கோல்களைத் தட்டிக்கொண்டு எங்களைக் கடந்து சிலர் போனார்கள். இவர் நின்றுவிட்டார். "எத்தன பேரு போறாங்க?" என்று கேட்டார். நாலைந்து பேர் என்றேன். "பிறவியிலேயே இப்படியா, இல்ல என்ன மாதிரியா?" என்றார். பார்த்தால் எப்படித் தெரியும், உள்ளே போய்ப் பேசினால்தானே தெரியும் என்றேன். "வேணாம். வீட்டுக்குப் போலாம்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தோம். கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் கிள்ளான் வரும்வரை என் கையை விடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் உங்களுக்குத் தொலைபேசி செய்யச் சொன்னார். வீட்டில் இருந்த கணினியில் விண்டோஸ்தான் இருந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள், நடுவே ஓர் அம்பு. பழக்கத்தில் மௌஸ்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அம்பு எங்க இருக்கு?" என்பார். மேலே, இல்லை, கொஞ்சம் இடது பக்கம் என்று நான் சொல்லச் சொல்ல அது வேறு எங்கோ ஓடிவிடும். மௌஸைச் சுவரில் அடித்துவிட்டு அழுத நாளும் உண்டு. விண்டோஸைப் பேச வைக்கும் மென்பொருளின் விலை எங்களுக்கு எட்டவில்லை. அந்த நேரத்தில்தான் நீங்கள் லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் படமே வேண்டாம், எழுத்து மட்டும் போதும், அந்த எழுத்தை ஒரு பெட்டி வாசித்துக் காட்டும் என்று சொன்னீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் படித்த அந்தப் பார்வையற்ற மாணவருக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். அவர் பழையது என்று கழித்த பெட்டிதான் இங்கே புதிதாக வந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு ஆரம்பித்தோம். நீங்கள் அச்சடித்து அனுப்பிய தாள்களை நான் வாசிப்பேன், திரையில் வருவதையும் வாசிப்பேன். என்ன பதில் கொடுப்பது என்று அவர் சொல்வார். கணினியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, வேலை செய்யும் பாலர் பள்ளியில் பெற்றோருக்குக் கடிதம் தட்டுவதோடு சரி. ஓர் இடத்தில், இந்த வட்டில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். மகள் தங்கமணி தாதியர் பயிற்சிக்கு ஈப்போ போன அன்று எடுத்த படங்கள் அதில் இருந்தன. சொன்னேன். "உனக்கு ஆல்பத்துல இருக்கு. எனக்கு அதுல இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு. அழி" என்றார். அழித்தேன்.

முதல் தடவை பாதியில் நின்றது. அடுத்த சனிக்கிழமை எல்லாம் முடிந்தது, ஆனால் பெட்டி பேசவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. எனக்குத் தெரிகிறது, அவருக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் மேசைக்கு அடியில் அவரே தவழ்ந்துபோய்க் கையால் தடவிப் பார்த்து, வயரை மோடத்தின் இடத்தில் செருகியிருக்கிறோம் என்று கண்டுபிடித்தார். மாற்றிச் செருகியதும் பெட்டி பேசியது. மூக்கடைத்த வெள்ளைக்காரன் குரல். அவர் விசைப்பலகையைக் கீழே வாங்கி மடியில் வைத்துத் தம் பெயரைத் தட்டினார். அது தம்புசாமியை என்னவோ போல் சொன்னது. மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்து சிரித்தார் அண்ணே. மார்ச்சில் கண் போகத் தொடங்கிய பிறகு அவர் சிரித்து நான் கேட்கவில்லை.

இப்போது பக்கத்தில்தான் இருக்கிறார். "ஜனவரிக்குள்ள வேலைக்குத் திரும்பிடுவேன்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் என்றும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

தங்கை,
சந்திரகலா

பண்டமாரான், கிள்ளான்
21 பிப்ரவரி 1999

அன்புள்ள அண்ணனுக்கு, வணக்கம். உங்கள் நண்பர் இப்போது உங்களுக்கு மெயில் அனுப்புகிறாரே, இவள் எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டுக் கணினி எதையும் சத்தமாகத்தான் படிக்கிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். நீங்களும் இதற்குப் பதில் போடுவதாக இருந்தால் பாலர் பள்ளி முகவரிக்குப் போடுங்கள். பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அவர் உழைத்த உழைப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையில் கோப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தால் நான் வேலை முடிந்து வரும்வரை அதே நாற்காலிதான். ஒவ்வொரு கட்டளையையும் மனப்பாடம் செய்தார். நான் சமையல் கட்டில் இருக்கும்போது அந்த மூக்கடைத்த குரல் விடாமல் பேசிக்கொண்டே இருக்கும். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு அது நின்றால்தான் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்க்கத் தோன்றியது. தீபாவளிக்கு வந்த தங்கமணி, "அப்பா பழையபடி ஆயிட்டாருமா" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஜனவரியில் அடைக்கப்பன் முதலாளிக்குத் தொலைபேசி செய்து, ஒரு நாள் வந்து வேலை செய்து காட்டுகிறேன் என்று கேட்டார். தாராளமாக வா என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக் கன்னையா அண்ணன் தம் லோரியில் கணினியையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டார். நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இவர் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டார். அந்த அலுவலகத்துக்கு அவர் கழுத்துப் பட்டி கட்டிப் போய் நான் பார்த்ததில்லை.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். முதலாளி ஒரு சரக்கின் விவரத்தை வாசித்தார். இவர் தட்டினார், பெட்டி திருப்பி வாசித்தது. ஒரு பிழை இல்லை. முதலாளி கை தட்டினார். "ஆச்சரியமா இருக்கு தம்புசாமி" என்று மனசாரச் சொன்னார். பேரனைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அப்போது நம்பிவிட்டேன் அண்ணே.

இவருடைய இடத்தில் இப்போது இந்திரா என்ற பெண் இருக்கிறாள். கெட்ட பெண் இல்லை. உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அங்கிள், இப்ப கஸ்டம்ஸ் டிக்ளரேஷன் எல்லாம் புது புரோகிராம்லதான் போகுது. அது விண்டோஸ்லதான் ஓடும். மௌஸ் இல்லாம ஒண்ணுமே செய்ய முடியாது. நீங்க இதுல அடிக்கிறத அதுல எப்படி ஏத்துறது?" என்றாள். இவர், "நான் அடிச்சு பிரிண்ட் எடுத்துக் குடுத்தா, நீங்க யாராவது பாத்து அதுல போட்டுக்கலாம்லா" என்றார். சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரே வேலையை இரண்டு பேர் எதற்குச் செய்ய வேண்டும்? பெட்டி மட்டும் கடைசி வரியை இன்னொரு தடவை வாசித்தது.

முதலாளி இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். "தம்பு, நீ எதுக்குக் கஷ்டப்படற? எப்ப தோணுதோ அப்ப வா. உக்காந்து தேத்தண்ணி குடி, பேசிட்டுப் போ. வேலையப் பிள்ளைங்க பாத்துக்கும்" என்றார். திட்டியிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். சரிங்க முதலாளி என்று சொல்லி எழுந்து, வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

லோரியில் வரும்போது கன்னையா அண்ணன் தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் கதையை எல்லாம் பேசிக்கொண்டு வந்தார், பாவம். வீட்டுக்கு வந்ததும் இவர், "அதக் கழட்டிட்டு விண்டோஸையே திரும்பப் போட்டுடு. நீயாவது பாக்கலாம். தங்கமணி வந்தா அவளாவது ஏதாச்சும் விளையாடுவா" என்றார். எனக்குப் போடத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். கடைக்காரனைக் கூப்பிடு என்றார். கூப்பிடவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் உங்களுக்கு மெயில் எழுத உட்கார்ந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதி முடித்ததும் பெட்டி முழுவதையும் வாசித்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, அடுத்த மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அது ஆங்கிலத்தில் படித்தது. அனுப்பிவிட்டு, நான் அங்கே இருப்பது தெரியாதவர்போல் எழுந்து போனார். நீங்கள் பாராட்டி எழுதிய பதிலையும் அதே குரல்தான் வாசித்தது. அதைக் கேட்டுவிட்டுப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

நீங்கள் பாராட்டியது தவறில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் இனிமேல் வேலையைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். நான் எழுதியதும் அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் எல்லோரையும் ஆண்டவன் காக்கட்டும்.

சந்திரகலா

பண்டமாரான், கிள்ளான்
13 ஜூன் 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் பள்ளி முகவரிக்கு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. பதில் எழுதவில்லை என்று கோபிக்காதீர்கள். எழுதும் நிலைமையில் நான் இல்லை. அவர் மெயிலுக்குப் பதிலே போடுவதில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

காலையில் வேலைக்குப் போவதற்குமுன் இன்சுலினை ஊசியில் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போவேன். அவரே வயிற்றில் போட்டுக்கொள்வார். எல்லாவற்றுக்கும் நீ வேண்டுமா, அதையாவது நான் செய்கிறேன் என்று அவர் சொன்னதால் விட்டிருந்தேன். வந்து பார்க்கும்போது ஊசி காலியாகத்தான் இருக்கும். ஒரு நாள் சன்னல் ஓரத்துக் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மண்ணிலிருந்து அந்த மருந்து வாடை வந்தது. அந்த வாடை உங்களுக்குத் தெரியாது. கூடவே இருக்கிறவர்களுக்கு மறக்காது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். "மறந்துட்டேன்" என்றார். மறந்தவர் எழுந்து சன்னல்வரை தடவிக்கொண்டு போய் மண்ணிலா ஊற்றுவார்?

நான் கத்தவில்லை. மறுநாளிலிருந்து நானே போட்டுவிட்டுப் போனேன். ஆனால் அதற்குள் இடது பாதத்தில் புண் வந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை, உணர்ச்சி இல்லாத கால். எனக்கும் காட்டவில்லை, வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டிருந்தார். காய்ச்சல் வந்து நடுங்கியபோதுதான் கழற்றிப் பார்த்தேன். கன்னையா அண்ணன் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன் சம்மதக் கையெழுத்து வாங்க வந்த டாக்டரம்மாவிடம், "கண்ணு போயிருச்சு. இப்ப காலு. மிச்சத்தையும் சேத்து எடுத்துக்குங்க, ஒரேயடியா முடிஞ்சிரும்" என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் மலாய்க்காரர், தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். பயமாக இருக்கிறது என்கிறார் என்று மொழிபெயர்த்துச் சொன்னேன்.

தங்கமணி விடுப்பு எடுத்து வந்து இருந்துவிட்டுப் போனாள். புண்ணைக் கட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். பயிற்சியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அழுதாள். நான்தான் கோபமாகப் பேசி அனுப்பினேன். அவளும் நின்றுவிட்டால் இந்த வீட்டில் நடமாடுவது யார்?

இப்போது நடு அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். கொடுத்தால் சாப்பிடுகிறார், கேட்டால் தலையாட்டுகிறார். முதலாளி பழக்கூடையோடு வந்தார். அவரிடமும் தலையாட்டல்தான். கணினிமேல் ஒரு துணியைப் போட்டு மூடிவைத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மாலை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பாலர் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குக் கடிதம் வேண்டும் என்றார்கள். பள்ளிக் கணினி பழுது. வேறு வழியில்லாமல் வீட்டுக் கணினியைத் திறந்தேன். போன தடவை அவர் இதில் தட்டிக் கொடுத்த கடிதத்தை நகல் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றலாம் என்று, விண்டோஸுக்கு முந்தைய காலத்தில் வகுப்பில் படித்த ஞாபகத்தில் 'காப்பி' என்று தட்டினேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று பெட்டி சொன்னது. எழுத்துப் பிழையோ என்று திரும்பத் தட்டினேன். திரும்ப அதையே சொன்னது. கட்டிலிலிருந்து, "காப்பி இல்ல, சீ பீன்னு ரெண்டே எழுத்து. சீ பீ போட்டு ஒரு இடம் விடு" என்று குரல் வந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொன்னபடி தட்டினேன். "இப்ப பழைய பேரு. இன்னொரு இடம் விட்டு புதுப் பேரு" என்றார். நடந்துவிட்டது. "பெட்டி ஒண்ணும் சொல்லலேன்னா சரியா நடந்திருக்குன்னு அர்த்தம்" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் தானாக ஒரு வாக்கியம் பேசியது அன்றைக்குத்தான்.

எனக்குப் பேராசை வந்துவிட்டது. மறுநாள் தெரிந்ததையே தெரியாததுபோல் தப்பாகத் தட்டினேன். பெட்டி பிழை என்றது. இன்னொரு தப்பு. அதுவும் பிழை என்றது. அவர் சுவரைப் பார்த்தபடியே, "நடிக்காத கலா" என்றார். அதோடு போயிற்று. அன்றைக்கும் மறுநாளும் சாப்பாட்டைத் தொடவில்லை.

அண்ணே, உங்களால் மெல்பர்னிலிருந்து வர முடியாது என்று தெரியும். வரச் சொல்லவில்லை. பணமோ மருந்தோ கேட்கவில்லை. போர்ட் கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸில் நீங்கள் இருவரும் ஒன்றாக வளர்ந்து ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் எழுதிய எல்லாக் கடிதமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாவற்றிலும் அங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு என்ன வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அவரிடம் இதுவரைக்கும் நீங்கள் எதையும் கேட்டதில்லை.

அவருக்கு ஒரு மெயில் எழுதுங்கள். காலைப் பற்றி விசாரிக்காதீர்கள். தைரியமாக இரு என்று எழுதாதீர்கள், அது அந்தக் குரலில் வாசிக்கும்போது கேட்கச் சகிக்காது. அவரிடம் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். உங்களுக்கு உண்மையாகவே தெரியாததாக இருக்க வேண்டும். தெரிந்ததைக் கேட்டால் அவர் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஊரில் உங்களுக்கும் ஏதாவது ஒரு குறை இருக்கும், யாரிடமும் சொல்லாத ஒரு கஷ்டம் இருக்கும். இருந்தால் அதை மறைக்காமல் அவருக்கு எழுதுங்கள். இதற்கு நான் என்ன செய்யட்டும் தம்பு என்று கேளுங்கள்.

பாலர் பள்ளி வேலை முடிந்து வந்ததும் தினமும் கணினியைத் திறந்து வைக்கிறேன். நானாக எதையும் தட்டுவதில்லை. பெட்டியின் சத்தத்தை மட்டும் கட்டில்வரை கேட்கும்படி கூட்டி வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு எந்தக் குறையும் வரக்கூடாது என்றுதான் இதுவரைக்கும் வேண்டியிருக்கிறேன். இன்றைக்கு அப்படி வேண்ட எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
சந்திரகலா